கொழு இருந்த இடம்

அந்த மிஷின் பார்சலில் வந்தது. மகன் வாசலில் உட்கார்ந்து பிரித்தான். உள்ளே ஒரு நீளக் குழாய். குழாயின் நுனியில் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு வட்டு. பிடிக்கிற இடத்தில் சின்னதாக ஒரு பெட்டி. மண்ணுக்குள் இரும்போ பித்தளையோ கிடந்தால் சத்தம் கொடுக்கும் என்றான்.

"எதுக்குலே இது?"

"வயரிங் வேலைக்கும்மா. செவுத்துக்குள்ள கம்பி எங்க ஓடுதுன்னு பாக்கலாம்."

அவனுக்குத் திண்டுக்கல்லில் வயரிங் வேலை. சுவரைப் பார்க்க இவ்வளவு நீளக் குழாய் எதற்கு? நான் அவன் முகத்தையே பார்த்தேன். சிரித்துவிட்டான்.

"தாடிக்கொம்புப் பக்கம் ஒருத்தன் இத வச்சுப் பழைய காசு எடுக்கிறாம்மா. வீடியோ போட்டிருக்கான்."

"நம்ம காட்டுல ஒன் தாத்தன் என்னத்தப் பொதைச்சு வச்சாரு? வச்சிருந்தா நான் ஏன் இந்த வயசுலயும் பூப்பறிச்சுக்கிட்டுக் கெடக்கேன்?"

"சும்மா செத்த நேரம் நடந்து பாப்போம். வா."

போனோம்.

எங்கள் காடு ஆத்தூர்ப் பக்கம். செம்மண். மல்லிகை போட்டிருக்கிறேன், ஓரத்தில் கொஞ்சம் தக்காளி. கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்த மண்ணில்தான் நிற்கிறேன். எங்கே பாறை தட்டும், எங்கே கரையான் ஏறும், மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எல்லாம் தெரியும். அடியில் என்ன இருக்கிறது என்பது மட்டும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

குப்பை.

வட்டை எங்கே ஆட்டினாலும் கீச்சென்றது. நான் களைக்கொத்தால் கிளறினேன். சோடா மூடி. மறுபடி கீச்சென்றது. பிளேடு. அப்புறம் டார்ச் பேட்டரி, செருப்பு பக்கிள், வளையல் கம்பி, பல் வெட்டாத சாவி. மாமனார் காலத்தில் டவுன் குப்பையை மாட்டுவண்டியில் அள்ளி வந்து எருவென்று போட்டார்கள். ஊரில் எல்லாரும் போட்டார்கள். மக்கினது செடிக்குப் போனது. மக்காதது எங்களுக்கு மிஞ்சியது.

"பொதையலு எடுத்துட்டோம்மா," என்றான் மகன். கையில் ஒரு துருப்பிடித்த கோலி சோடா திறப்பான். "இதுல பாதி ஒனக்கு."

"நீயே வச்சுக்க. கல்யாணத்துக்கு ஆகும்."

மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் சத்தம் மாறியது. கீச்சென்று இல்லை. அடித்தொண்டையில் இருமுகிற மாதிரி. பெரிய இரும்பு என்றான். தோண்டினேன். ஸ்பேனர் ஒன்று வந்தது. மண்ணைத் துடைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருடையது. பிடியில் வயர் சுற்றியிருந்தார். அந்த வயரும் அப்படியே இருந்தது.

அந்த ஸ்பேனர் காணாமல் போனபோது வீட்டில் பெரிய சண்டை. தன் தம்பிதான் எடுத்துப் போய்விட்டான் என்றார் இவர். எடுக்கவில்லை என்று கொழுந்தன் சாமி மேல் சத்தியம் பண்ணினார். இவர் நம்பவில்லை. சாகும்வரை நம்பவில்லை. ஸ்பேனர் எங்கள் மோட்டார் ரூமுக்குப் பக்கத்திலேயே புதைந்து கிடந்திருக்கிறது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குக் கொழு ஞாபகம் வந்தது.

இதைச் சொல்ல வேண்டுமானால் பாதையைச் சொல்ல வேண்டும்.

காடு முதலில் ஒரே துண்டு. மாமனார் உயிரோடு இருக்கும்போதே இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். மேற்குப் பாதி எங்களுக்கு. கிழக்குப் பாதி கொழுந்தனுக்கு. ரோடு கிழக்கே இருக்கிறது. அதனால் கிழக்குப் பாதியின் வடக்கு ஓரத்தில், ரோட்டிலிருந்து எங்கள் காடு வரைக்கும், ஒரு வண்டி போகிற அகலத்தை எங்கள் பாகத்தோடு சேர்த்துவிட்டார். அதுதான் பாதை. பாதைக்கும் கொழுந்தன் நிலத்துக்கும் நடுவில், ரோட்டோரத்தில், அத்துக்கல் நட்டார். எல்லைக்கல்லை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

கல் நட்ட அன்று நான் இருந்தேன். கல்லுக்கு அடியில் கரி போடுவது வழக்கம். பிரிகிற இரண்டு வீட்டு மருமகள்களும் அவரவர் அடுப்புக் கரியைக் கொண்டுவந்து ஒரே குழியில் கொட்ட வேண்டும். நான் விறகுக்கரி கொண்டு போனேன், கருவேல மரத்துக் கரி. என் ஓரகத்தி, கொழுந்தன் சம்சாரம், அவள் வீட்டில் கொட்டாங்குச்சிதான் எரிப்பாள். அந்தக் கரியை முறத்தில் கொண்டு வந்தாள். கரி மக்காது. கல் போனாலும் கரி இடத்தைச் சொல்லும் என்பதற்காகத்தான் அது. மாமனாருக்கு அதுவும் போதவில்லை. தன் கலப்பையின் கொழுவைக் கழற்றிக் கரி மேல் வைத்தார். கொழு என்றால் கலப்பை நுனியில் மாட்டுகிற இரும்பு நாக்கு. டிராக்டர் வந்துவிட்டது, இனி இது எதற்கு என்று சொல்லிக்கொண்டே வைத்தார். அதற்கு மேல் கல்.

என் வீட்டுக்காரர் போன பிறகு கொழுந்தன் தன் நிலத்தை மட்டம் தட்ட ஜேசிபி விட்டார். அதில் கல் பெயர்ந்துவிட்டது. திரும்ப நட்டபோது கல் வடக்கு வரப்பு மேலேயே போய் நின்றது. பாதை இருந்த இடம் அவருடையதாகிவிட்டது.

"தம்பி, கல்லு மாறிருச்சே," என்றேன்.

"மாறல மதினி. அப்பா ஒங்களுக்குக் குடுத்தது வரப்பு மேல நடக்கத்தான். வண்டி போனது நான் பாவம்னு விட்டது."

சர்வேயரைக் கூட்டிவந்தேன். பட்டா கூட்டுப் பட்டா. அவர் படத்தை விரித்துப் பார்த்தார். "வெளி எல்லைதாம்மா இதுல இருக்கு. உள்ள நீங்க வாய்ப்பேச்சுல பிரிச்சது எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் ஒத்து வாங்க, அளந்து தாரேன்," என்றார். ஒத்து வருகிறவர்களுக்கு எதற்கு சர்வேயர்?

அதற்குப் பிறகும் அந்தப் பாதையில்தான் போய்வந்தேன். ஆனால் கொழுந்தன் வேலி போடப் போகிறார் என்று பேச்சு வந்துகொண்டே இருந்தது. கல்தூண்களும் வந்து இறங்கிவிட்டன. வடக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் ஏற்கெனவே வேலி போட்டிருக்கிறார். பாதை போனால் ஓடையைச் சுற்றித்தான் ரோட்டுக்கு வர வேண்டும். பூ வண்டி விடியக்காலையில் ரோட்டில் நின்று மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நிலக்கோட்டைக்குப் போய்விடும். யாருக்காகவும் நிற்காது. மொக்கு விரிந்துவிட்டால் அது பூ இல்லை, குப்பை. மல்லிகை வைத்திருக்கிறவளுக்குப் பாதை என்பது அதுதான். மொபெட்டில் மூட்டையை வைத்து ஒரே ஓட்டமாகப் போகிற வழி. அது இல்லையென்றால் செடி எதற்கு?

ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு மகனிடம் கொழுவைப் பற்றிச் சொன்னேன். அவன் என்னை முறைத்தான்.

"இத்தனை நாளு ஏம்மா சொல்லல?"

"சொன்னா? கல்லு இருந்த எடம் அடையாளமே இல்ல. ஜேசிபி வழிச்சுப் போட்டிருச்சு. ரோடு நெடுக எங்கன்னு தோண்டுறது?"

"வா," என்றான்.

பாதைக்குப் போனோம். மதியம். கொழுந்தன் வீட்டில் யாரும் வெளியே இல்லை. ரோட்டு முனையிலிருந்து வட்டை ஆட்டிக்கொண்டு வந்தான். சத்தமே இல்லை. வண்டிப்பாதைக்கு யாரும் எரு போடுவதில்லை. அதனால் குப்பையும் இல்லை. அமைதியாக வந்துகொண்டிருந்த மிஷின் ஓரிடத்தில் இருமியது. ஸ்பேனருக்கு இருமியதை விடப் பெரிதாக. இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தான். அதே இடம். இப்போது கல் நிற்கிற வரப்பிலிருந்து ஒரு வண்டி அகலம் தள்ளி.

கல் நிற்கிற இடத்திலும் வட்டை வைத்துப் பார்த்தான். மூச்சுக் காட்டவில்லை.

"மம்பட்டிய எடு," என்றான்.

"வேண்டாம்."

"ஏம்மா?"

"நாம ரெண்டு பேரு மட்டும் தோண்டி எடுத்தா, நாமளே வச்சு நாமளே எடுத்தோம்பாங்க. ஊர்க்காரங்க முன்னாடி எடுக்கணும். அவரையும் வச்சுத்தான் எடுக்கணும். பங்காளிக்குச் சொல்லாம அத்துக்கல்லு எடத்துல மம்பட்டி போடக் கூடாது."

"அவரு ஒன்கிட்டச் சொல்லிட்டா கல்லப் பிடுங்குனாரு?"

"அவரு செஞ்சா நானும் செய்யணுமா?"

"போட்டோவாச்சும் எடுத்துக்கிறேன்."

"மண்ணுக்குள்ள இருக்கிறத என்னன்னு போட்டோ எடுப்ப?"

போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இப்போது நினைத்தால், எடுக்கச் சொல்லியிருக்கலாம். அந்தச் சத்தத்தையாவது போனில் பிடித்து வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை. அவனுக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த வீடு. ஓரகத்தி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"வா அக்கா," என்றாள். சேர் போட்டாள். கொழுந்தன் உள்ளேயிருந்து வந்தார்.

முதலில் ஸ்பேனரைத்தான் எடுத்து வைத்தேன்.

"ஒங்க அண்ணன் ஸ்பேனரு. மோட்டார் ரூம் பக்கத்துல மண்ணுக்குள்ள கெடந்துச்சு. நீங்க எடுக்கல தம்பி. அவரு சொன்னது தப்பு."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அன்னைக்கே தலையில அடிச்சுச் சொன்னேன் மதினி. கேட்டாரா? செத்ததுக்கு நான் வந்து நின்னப்பக்கூட, திருடின கைன்னு எல்லாரும் என் கையவே பாக்கிற மாதிரி இருந்துச்சு."

கண் கலங்கியிருந்தது. பொய்யில்லை. அது நிஜம்தான். நான் அதைப் பார்த்து நம்பிவிட்டேன். தன் பக்கம் நியாயம் வந்துவிட்டால் ஆள் நியாயமாக இருப்பார் என்று நினைத்தேன்.

வெற்றிலைத் தட்டை வைத்துக் கொழுவைச் சொன்னேன். "மகன் மிஷின் வாங்கியிருக்கான். இரும்பு இருக்கிற எடத்துல கத்தும். ஒங்க முன்னாடி, ஊரு முன்னாடி பாப்போம். கொழு எங்க இருக்கோ அங்கதான் அத்து. அது இப்ப கல்லு நிக்கிற எடத்துல இருந்தா, அதுக்கு மேல நான் வாயே தொறக்க மாட்டேன். வேலியப் போட்டுக்கங்க."

மிஷின் ஏற்கெனவே கத்தியதை நான் சொல்லவில்லை. மகன் சொல்லியிருக்கவும் மாட்டான். ஆனால் கொழு எங்கே இருக்கும் என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. கல்லைப் பிடுங்கினவர் அவர்தானே?

"தாராளமாப் பாப்போம் மதினி," என்றார். "நாளைக்கே வாரேன்."

"நாளைக்குச் செவ்வாக்கிழம. அத்து எடத்துல மண்ண வெட்டக் கூடாது. புதங்கிழம காலையில வச்சுக்குவோம்."

நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். ஓரகத்தி காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். இனிப்பு அதிகமாக இருந்தது.

மகன் வீட்டில் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஒரு நாளு விட்டுட்டு வந்திருக்க."

"பெரிய மனுசன் வார்த்த குடுத்திருக்காரு."

"நீதாம்மா குடுத்திருக்க."

புதன்கிழமை காலையில் பூ பறித்து வண்டிக்கு அனுப்பிவிட்டு நின்றேன். முன்னாள் வார்டு மெம்பர் வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். கொழுந்தன் வெள்ளை வேட்டி கட்டி வந்தார். ஓரகத்தி கொஞ்சம் தள்ளி, வேலிக்கு இறக்கி வைத்திருந்த கல்தூண்கள் மேல் உட்கார்ந்திருந்தாள்.

இருட்டில் பூ மூட்டையைக் கொண்டுபோன மகன் மொபெட் வழுக்குகிறது என்றான்; வெளிச்சத்தில்தான் பாதையைப் பார்த்தேன். பாதை முழுக்க ஈரம். ரோட்டு முனையிலிருந்து எங்கள் காடு வரைக்கும் சேறும் சகதியுமாகக் கிடந்தது. கொழுந்தன் காட்டிலிருந்து தண்ணீர் பாய்ந்திருந்தது.

"என்னங்க இது?" என்றார் மெம்பர், வேட்டியைத் தூக்கிக்கொண்டு.

"சொட்டு நீர்ப் பைப்பு ராத்திரி புட்டுக்கிருச்சுங்க. காலையிலதான் பாத்தேன்," என்றார் கொழுந்தன்.

ஈரமான மண்ணில் எது புதுசாக வெட்டினது, எது பழசு என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சேறு.

மகன் மிஷினை எடுத்தான். ஒருவர் கேட்டார், "ஏம்ப்பா, இது தங்கத்துக்கும் கத்துமா?" "கத்தும்." "அப்ப என் பொண்டாட்டி கழுத்துக்கிட்டக் கொண்டு போயிராத, சத்தமே வராது, மானம் போயிரும்." சிரித்தார்கள். கொழுந்தனும் சிரித்தார்.

மகன் ரோட்டு முனையிலிருந்து வந்தான். அந்த இடம் வந்தது. வட்டு அதன் மேல் போனது. சத்தம் இல்லை. திரும்ப ஆட்டினான். பெட்டியைத் தட்டிப் பார்த்தான். பொத்தானைத் திருகினான். மறுபடி ஆட்டினான். இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் பார்ப்பானே, அந்தப் பார்வை.

"கல்லுகிட்டயும் பாருப்பா," என்றார் கொழுந்தன். மெதுவாகத்தான் சொன்னார்.

கல்லுக்குப் பக்கத்தில் வட்டைக் கொண்டு போனதும் மிஷின் இருமியது. பெரிதாக.

கல்லைச் சாய்த்தார்கள். கடப்பாரையே தேவைப்படவில்லை. கையால் தள்ளினதும் சாய்ந்தது. மம்பட்டி போட்டதும் டக்கென்றது. கொழு. மாமனாருடைய கொழுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நுனி தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அப்படியேதான் இருந்தது.

மெம்பர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "சரிதானம்மா?" என்றார் என்னிடம்.

நான் குழிக்குள் குனிந்து பார்த்தேன். சுத்தமான செம்மண். ஒரு பொட்டுக் கருப்பு இல்லை.

"கரி எங்க?" என்றேன்.

"என்னது?"

"கொழுவுக்கு அடியில கரி போட்டோம். ரெண்டு அடுப்புக் கரி. எங்க அது?"

"மக்கிப் போயிருக்கும் மதினி," என்றார் கொழுந்தன்.

"கரி மக்காதுன்னுதான போடுறது?"

மகன் அதற்குள் கத்த ஆரம்பித்துவிட்டான். "முந்தாநாளு அங்க கத்துச்சு! நானே கேட்டேன்! கல்லுகிட்ட ஒண்ணுமே இல்ல! ராத்திரியோட ராத்திரியா எடுத்து வச்சுட்டு, தண்ணியத் தொறந்து விட்டிருக்காரு சித்தப்பா!"

"அப்ப எங்களுக்குத் தெரியாம முன்னாடியே வந்து நோண்டியிருக்கீங்க," என்றார் கொழுந்தன். "நானும் கேக்கலாமே? நீங்களே வந்து எதையாச்சும் பொதைச்சு வச்சுக் கத்த விட்டீங்களோன்னு?"

மெம்பருக்கு மகன் மேல்தான் கோபம் வந்த மாதிரி இருந்தது.

"அந்த எடத்துல தோண்டுங்க," என்றேன். "கரி அங்க இருக்கும். அள்ளிட்டு வர முடியாது அது."

"ஏம்மா," என்றார் மெம்பர், "இரும்பு எங்க இருக்கோ அங்கதான் அத்துன்னு நீ சொல்லித்தான வந்தோம்? கரின்னு யாரு சொன்னா?"

"இன்னைக்குக் கரி," என்றார் கொழுந்தன். "நாளைக்குச் சாம்பலு. அதுக்கப்புறம் அன்னைக்குக் காய்ச்சின காபித்தூளத் தேடுவீங்களா மதினி?"

யாரோ சிரித்தார்கள். யாரென்று நான் பார்க்கவில்லை.

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். கல்தூண் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டப் போனேன்.

"நீயும் ஒன் அடுப்புக் கரி கொண்டாந்த. கொட்டாங்குச்சிக் கரி. முறத்துல. சொல்லு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் புருசனையும் பார்க்கவில்லை. கால் விரலில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்லக்கா," என்றாள்.

அதோடு முடிந்தது. மகன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். "விடுலே, வார்த்த குடுத்தாச்சு," என்று சொல்லி அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வழியில் அவன் மிஷினை வாய்க்காலில் எறியப் போனான். பிடுங்கிக்கொண்டேன். மிஷின் என்ன பண்ணும்? இரும்பு எங்கே இருக்கிறது என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். எப்போதிருந்து இருக்கிறது என்று சொல்லத் தெரியாது.

மெம்பர் போகும்போது கொழுவைக் கொழுந்தனிடம் கொடுத்தார். அவர் அதைத் திரும்பக் குழியில் போட்டு மேலே கல்லை நட்டார். இந்தத் தடவை கல்லைச் சுற்றி ஜல்லி போட்டு இறுக்கினார்.

சேறு காய்ந்த பிறகு ஒரு மதியம் மம்பட்டியோடு போனேன். வேலி இன்னும் போடவில்லை. மகன் திண்டுக்கல்லில் வேலைக்குப் போயிருந்தான். கொழுந்தன் வண்டி வீட்டில் இல்லை. மிஷின் முதலில் இருமிய இடத்தில் தோண்டினேன். மண் பொலபொலவென்று வந்தது. ஏற்கெனவே தோண்டின மண். முழங்கை ஆழம் போவதற்குள் கருப்பாகிவிட்டது.

கையால் அள்ளினேன். விறகுக்கரி உருண்டையாக இருந்தது. கொட்டாங்குச்சிக் கரி வேறு மாதிரி. மெலிசாக, வளைவாக, உள்பக்கம் வழவழவென்று. கையில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் கலந்து கிடந்தன.

நிமிர்ந்தபோது ஓரகத்தி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. இடுப்பில் தண்ணீர்க் குடம். என் உள்ளங்கையைப் பார்த்தாள். நான் கையை மூடவில்லை. பார்க்கட்டும் என்று விரித்தே வைத்திருந்தேன்.

குடத்தை இறக்கிக் கீழே வைத்தாள். அப்புறம் சொன்னாள்.

"மூடிரு அக்கா. அவரு வந்துருவாரு."

"இது என்ன?"

"மூடிரு அக்கா."

"இது என்னன்னு கேட்டேன்."

"நான் அவரோடதான இருக்கணும்?" என்றாள். "நீ ஒன் வீட்டுக்குப் போயிருவ. நான் எங்க போவேன்?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கரியை எடுத்துக்கொண்டு போய் மெம்பர் முன்னால் கொட்டலாம் என்று நினைத்தேன். கரி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. கையில் கொண்டு போனால் அது வெறும் கரி. குழியில் இருந்தால்தான் அது அத்து. அவரைக் குழிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். அந்த இடம் இப்போது இன்னொருவர் நிலம் என்று அவரே சொல்லி முடித்துவிட்டார். அப்படியே போட்டேன். மண்ணைத் தள்ளினேன். மிதித்து இறுக்கினேன்.

அந்த வாரமே வேலி வந்துவிட்டது. வரப்பு மேலேயே கல்தூண் நட்டு நாலு வரிசை முள்கம்பி, நடக்கக்கூட இடமில்லை. ரோட்டோரத்தில் ஒரு இரும்பு கேட், எங்கள் காட்டுப் பக்கம் ஒன்று, இரண்டும் பூட்டோடு. கரி கிடக்கிற குழி வேலிக்கு உள்ளே இருக்கிறது. அதன் மேல் இப்போது முருங்கை வைத்திருக்கிறார்.

மகன் மிஷினைப் பெட்டியில் போட்டுப் பரணில் வைத்துவிட்டான். காசு எடுக்கிற வீடியோவெல்லாம் பார்ப்பதில்லை. "கேஸ் போடுவோம்மா," என்று அடிக்கடி சொல்கிறான். வாய்ப்பேச்சில் பிரித்தது, ஊர் முன்னால் நான் கொடுத்த வார்த்தை, இதையெல்லாம் எந்தக் கோர்ட்டில் கொண்டு போய்ச் சொல்வது? எனக்கு அதற்கு உடம்பும் இல்லை. மல்லிகையில் பாதியைப் பிடுங்கிவிட்டேன். அத்தனையையும் பறித்துச் சுமந்துகொண்டு நேரத்துக்குப் போக முடியாது. பிடுங்கின இடத்தில் சோளம் போட்டிருக்கிறேன். சோளம் யாருக்காகவும் அவசரப்படாது. மிச்சமிருக்கிற பூவைக் கூடையில் கட்டித் தலையில் வைத்து ஓடைக்கரை வழியாகப் போகிறேன். சில நாள் வண்டி நிற்கிறது. சில நாள் அதன் பின்பக்கத்தைத்தான் பார்க்கிறேன். அன்றைக்குப் பூ மாட்டுக்கும் ஆகாது.

போன வாரம் ஒரு நாள் விடியலில் கூடையோடு கிளம்பினேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி கூப்பிட்டாள்.

"அக்கா."

நின்றேன்.

"அவரு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போயிட்டாரு. சாவி என்கிட்டத்தான் இருக்கு. கேட்டத் தொறந்து விடுறேன், இப்படியே போ. சுத்திப் போகாத."

முந்தானையில் முடிந்த சாவியை எடுத்துக் காட்டினாள். வண்டியின் ஹாரன் ரோட்டில் கேட்டது. பாதை வழியாகப் போனால் பிடித்துவிடலாம்.

"எந்த வழி?" என்றேன்.

"இதுதான், நம்ம பழைய பாத."

"அப்படி ஒண்ணு இருந்துச்சா?" என்றேன்.

அவள் சாவியைக் கீழே இறக்கினாள்.

நான் ஓடைப்பக்கம் திரும்பி நடந்தேன். ஹாரன் இன்னொரு தடவை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. கூடையில் மொக்குகள் மூடியேதான் இருந்தன. ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.